எட்டு ஆசிரியர்களுக்கு ஒரு கிறிஸ்துமஸ் தட்டு

கேள்வி: மயிலாடுதுறைக்குப் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கிறோம். கிறிஸ்தவக் குடும்பம். என் கணவர் குவைத்தில் வேலை பார்க்கிறார். மகள் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். ஐந்தாம் வகுப்பு வரை ஒரே டீச்சர் என்பதால், கிறிஸ்துமஸுக்கு ஒரு கேக்கும் ஒரு ரவிக்கைத் துணியும் கொடுத்தால் போதுமானதாக இருந்தது. இப்போது பாட ஆசிரியர்கள் ஐந்து பேர், உடற்கல்வி ஆசிரியை, நூலகப் பொறுப்பாசிரியை, தலைமையாசிரியை என்று எட்டுப் பேர். யாருக்குக் கொடுப்பது, யாரை விடுவது? இதற்கிடையில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில், ஆளுக்கு 500 ரூபாய் போட்டு வகுப்பாசிரியைக்கு நாச்சியார்கோவில் குத்துவிளக்கும் பட்டுப்புடவையும் வாங்கித் தரலாம் என்கிறார்கள். கணவர் சென்ட்டும் கைக்கடிகாரமும் கொடுத்தனுப்புவதாகச் சொல்கிறார். மகளோ, "நீ பள்ளிக்கூடத்துப் பக்கமே வராதே, எனக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்கிறாள். குருவைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவள் நான். என்ன செய்யட்டும்?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் விடையைச் சொல்லிவிடுகிறேன். காரணங்களைப் பிறகு விளக்குகிறேன். எட்டுப் பேருக்கும் தனித்தனியாக எதுவும் வாங்க வேண்டாம். வீட்டில் செய்த பலகாரத்தை ஒரே பெரிய தட்டாக ஆசிரியர் ஓய்வறைக்கு அனுப்புங்கள். அதை உங்கள் மகளே கொண்டுபோகட்டும். மனதார நன்றி சொல்லத் தோன்றும் ஆசிரியருக்கு அவள் தன் கையால் நாலு வரி எழுதிக் கொடுக்கட்டும். 500 ரூபாய் வசூலில் நீங்கள் சேர வேண்டாம். முடிந்தால் அது நடக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கணவர் அனுப்பும் கைக்கடிகாரமும் சென்ட்டும் பள்ளி வாசலைத் தாண்டக்கூடாது.

வெறுங்கையோடு போகக்கூடாது என்று நீங்கள் எழுதியிருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். நம் பக்கத்து ஊர்களில் தீபாவளிக்கு அடுத்த வீட்டிலிருந்து அதிரசம் வரும்; நோன்பு மாதத்தில் தெருக்கோடியிலிருந்து தூக்குவாளியில் கஞ்சி வரும்; கிறிஸ்துமஸுக்கு உங்கள் வீட்டிலிருந்து அச்சுமுறுக்கும் சோமாசியும் கேக்கும் போகும். இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு வழக்கத்தைக் கவனித்திருப்பீர்கள். வந்த தட்டை யாரும் காலியாகத் திருப்பித் தருவதில்லை. அந்த நேரத்தில் வீட்டில் ஒன்றுமில்லை என்றாலும் ஒரு பிடி சர்க்கரையோ, இரண்டு பூவன் பழமோ வைத்துத்தான் தட்டைக் கொடுப்பார்கள். கொடுத்தவரும் வாங்கியவரும் ஒரே உயரத்தில் நிற்கிறார்கள் என்பதைச் சொல்லாமல் சொல்லும் வழக்கம் அது.

ஆசிரியருக்குப் போகும் தட்டு அப்படிப்பட்டதன்று. நாற்பது வீட்டுத் தட்டிலும் ஏதாவது வைத்துத் திருப்பித் தர அவரால் முடியாது. அப்படியே தர நினைத்தாலும், பெற்றோர் பார்வையில் அவர் கையில் இருப்பவை இரண்டுதான்: மதிப்பெண், வகுப்பில் காட்டும் கவனம். இரண்டுமே அவருடைய சொந்தப் பொருள்கள் அல்ல. எல்லாப் பிள்ளைகளுக்கும் சேர்த்து அவரிடம் ஒப்படைக்கப்பட்டவை. ஆகவே தட்டில் வைக்கும் பொருளின் விலை கூடக் கூட, அவர் எதைத் திருப்பி வைப்பார் என்ற எதிர்பார்ப்பு, கொடுப்பவர் விரும்பாவிட்டாலும், பார்க்கிறவர்கள் மனதில் ஏறிக்கொண்டே போகும். நீங்கள் பட்டியல் போட்டுக் குழம்புவதற்கு எட்டுப் பேர் என்ற எண்ணிக்கை மட்டும் காரணம் இல்லை என்று நினைக்கிறேன். இதில் ஏதோ சரியில்லை என்று உங்கள் உள்மனதுக்கும் பட்டிருக்கிறது.

நாள் கணக்கையும் பார்க்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு டிசம்பரில் நடந்து, பெரும்பாலும் கிறிஸ்துமஸுக்கு ஓரிரு நாள் முன்பு முடிகிறது. கடைசித் தேர்வு முடிந்த அன்று ஆசிரியர்கள் விடைத்தாள் கட்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். விடுமுறையில் உட்கார்ந்து திருத்துகிறார்கள். பெற்றோர் பரிசு கொண்டுவருவதும் அதே நாளில்தான். புடவைப் பெட்டியும் விடைத்தாள் கட்டும் ஒரே பையில் ஒரே பேருந்தில் ஒரே வீட்டுக்குப் போகின்றன. உங்கள் மகள் பத்தாம் வகுப்பு என்பதால் இன்னொன்றும் உண்டு. அறிவியல் பாடத்தில் எழுத்துத் தேர்வுக்கு 75 மதிப்பெண், செய்முறைக்கு 25. விடுமுறை முடிந்து சில வாரங்களிலேயே செய்முறைத் தேர்வு வந்துவிடும். முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளையைப் பார்த்து, "அவங்க அம்மா கிறிஸ்துமஸுக்கு என்ன கொடுத்தாங்க தெரியுமா" என்று மற்றப் பிள்ளைகள் பேசினால், உழைத்து வாங்கிய மதிப்பெண்கூடப் பழுதாகிவிடும். உங்கள் மகளுக்கு அது நேரக்கூடாது.

இதை நான் புத்தகம் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. கணித ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் ஆண்டில் நானே செய்த தவறு இது. ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தந்தை அரிசி ஆலை வைத்திருந்தார். அரையாண்டின் கடைசி நாளன்று தாம்பாளத்தில் பழம், வெற்றிலை பாக்கு, அதன்மேல் பச்சைக் கரை போட்ட கடுகு நிறத் திருபுவனம் பட்டு என்று கொண்டுவந்து, வகுப்பறை வராந்தாவிலேயே நீட்டினார். பெரிய மனிதர், மறுத்தால் மனம் நோகுமே என்று வாங்கிக்கொண்டேன். தேர்வு எழுதி முடித்துக் கை கழுவ வந்த பிள்ளைகள் குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

விடுமுறையில் அந்தப் பெண்ணின் விடைத்தாளைக் கூட்டினேன். முப்பத்து நான்கு வந்தது. முப்பத்தைந்து வாங்கினால் தேர்ச்சி. தேற்றம் ஒன்றில் கடைசிப் படியைப் பாதி எழுதியிருந்தாள். அதற்கு ஒரு மதிப்பெண் போட்டேன். போட்ட பிறகு பேனாவை மூட முடியவில்லை. அந்த ஒன்றை விடைக்காகப் போட்டேனா, புடவைக்காகப் போட்டேனா என்று எனக்கே தெரியவில்லை, இன்றுவரை தெரியாது. முப்பத்து மூன்று, முப்பத்து நான்கு வாங்கிய எல்லாத் தாள்களையும் மறுபடி எடுத்துத் தேடினேன். கூட்டிப் போட இடமில்லாத தாள் ஒன்று இருந்தது. அந்தப் பெண் தினமும் இடைவேளையில் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்து சந்தேகம் கேட்பவள். ஜனவரியில் விடைத்தாளை வாங்கிக்கொண்டு ஒரு வார்த்தை பேசாமல் போனாள். அதற்குப் பிறகு அவள் என் மேசைக்கு வரவே இல்லை. பொங்கல் கழிந்து, புடவையை அந்தத் தந்தை வீட்டுக்கே கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தேன். அவர் அவமானப்பட்டார்; அவருடைய மகளும் ஆண்டு முடியும்வரை என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒரு புடவையால் இரண்டு பிள்ளைகளை இழந்தேன். வராந்தாவில் ஒரு நிமிடம் உறுதியாக நின்று, "பழத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன் ஐயா" என்று சொல்லியிருந்தால் போதும்.

மறுக்க முடியாத பரிசை என்ன செய்வது என்பதற்குத் தஞ்சாவூரிலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1779-இல், ஜெர்மனியிலிருந்து வந்து தஞ்சாவூரில் பணியாற்றிய ஷ்வார்ட்ஸ் பாதிரியார் சென்னை அரசின் தூதராக ஸ்ரீரங்கப்பட்டணம் போய், மைசூரை ஆண்ட ஹைதர் அலியைச் சந்தித்துத் திரும்பியபோது, வழிச்செலவுக்கென்று ஹைதர் 300 ரூபாய் கொடுத்தனுப்பினார். அவர் அதைத் தமக்கென்று வைத்துக்கொள்ளாமல் சென்னை அரசிடம் ஒப்படைத்தார். பிறகு அரசின் சம்மதத்தோடு அந்தப் பணம் தஞ்சாவூரில் பிள்ளைகளுக்கான பள்ளிக்குப் பயன்பட்டது. அவரைத் தந்தையாகவும் குருவாகவும் கொண்டாடியவர் தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர். 1798-இல் ஷ்வார்ட்ஸ் இறந்த பிறகு, ஃபிளாக்ஸ்மன் என்ற ஆங்கிலச் சிற்பியிடம் சொல்லி, குருவின் மரணப் படுக்கையருகே தாம் நிற்கும் காட்சியைச் சலவைக்கல்லில் செதுக்க வைத்தார். சிவகங்கைப் பூங்காவை ஒட்டிய தேவாலயத்தில் அதை இன்றும் பார்க்கலாம். கல்லறையில் பொறிக்கும் வரிகளை மட்டும் பிறரிடம் விடாமல் தாமே எழுதினார். அரண்மனைச் செல்வம் முழுவதும் கையில் இருந்த மாணவருக்கும், தம் வாயிலிருந்து வந்த சொல்லையே குருவுக்குக் கடைசியாகக் கொடுக்கத் தோன்றியிருக்கிறது.

இனி அந்த 500 ரூபாய். உங்கள் மகளின் வகுப்பில் 42 பிள்ளைகள் என்று வைத்துக்கொண்டால் 21,000 ரூபாய் சேரும். கொடுக்க முடியாத வீடுகள் எவை என்று குழுவில் இருப்பவர்கள் யோசித்தார்களா தெரியவில்லை. நம் பகுதியில் மார்கழி என்பது சம்பாப் பயிர் வயலில் நிற்கும் காலம். உரத்துக்கும் களையெடுப்புக்கும் கடன் வாங்கிச் செலவு செய்தாகிவிட்டது, அறுவடை தையில்தான். வேளாண் கூலி வேலைக்குப் போகிறவர்களுக்கோ, களையெடுப்பு முடிந்து அறுப்புத் தொடங்கும்வரை கையில் காசு புழங்காது. வருடத்தில் பணம் மிக நெருக்கடியாக இருக்கும் வாரங்களில் இந்தப் பண்டிகை வருகிறது. குழுவில் "பணம் போட்டாச்சு" என்று ஒவ்வொருவராகப் பதிவிடும்போது, பதிவிடாதவர் யார் என்பதும் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அந்த வீட்டுப் பிள்ளை மறுநாள் அதே பெஞ்சில் வந்து உட்கார வேண்டும். பெயர் சொல்லாமல் வசூலித்தாலும் இது மாறாது; பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும்.

வகுப்பாசிரியையையும் நினைத்துப் பாருங்கள். அரசுப் பள்ளி ஆசிரியர்கள் தமிழ்நாடு அரசு ஊழியர் நடத்தை விதிகள், 1973-க்குக் கட்டுப்பட்டவர்கள். தம் பணியோடு தொடர்புடையவர்களிடமிருந்து விலையுயர்ந்த பரிசு பெறுவது அவர்களுக்கு ஆபத்தானது. உதவி பெறும் பள்ளிகளிலும் ஆசிரியருக்கு நடத்தை நெறி உண்டு; அதைவிடக் கண்டிப்பான தாளாளர்களும் உண்டு. 21,000 ரூபாய் விளக்கையும் புடவையையும் முன்னால் வைத்தால், வாங்குவதா மறுப்பதா என்ற சங்கடத்தில் அந்த அம்மாவைத் தள்ளிவிடுகிறோம். அதே ஓய்வறையில் கணக்கும் சமூக அறிவியலும் நடத்துகிற மற்றவர்கள் வெறும் கையோடு உட்கார்ந்திருப்பார்கள் என்பதையும் சேர்த்து எண்ணுங்கள். உயர்நிலை வகுப்பில் பிள்ளையை உருவாக்குவது ஒருவர் இல்லை. பல கைகள் சேர்ந்து செய்கிற வேலை அது.

குழுவில் சண்டை போட வேண்டியதில்லை. இப்படி ஒரு செய்தி போடுங்கள்: "டீச்சர் மேல் எல்லோருக்கும் இருக்கும் மரியாதை எனக்கும் இருக்கிறது. ஆனால் விலை கூடிய பொருள் அவர்களுக்குச் சங்கடமாக இருக்கும் என்று நினைக்கிறேன். நம் பிள்ளைகள் 42 பேரும் ஆளுக்கு ஒரு தாளில் எழுதி, அதை ஒரு புத்தகமாகத் தைத்துக் கொடுத்தால் என்ன? செலவு எதுவும் வேண்டாம், அட்டை போடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்." மாற்று யோசனையும் வேலையை ஏற்றுக்கொள்ளும் ஆளும் சேர்ந்து வந்தால், பெரும்பாலான குழுக்கள் அதைத்தான் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே யாராவது பணம் கொடுத்துவிட்டிருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுவதே நல்லது. திருப்பி வாங்க மறுப்பவர்களின் பணத்தைத் தலைமையாசிரியையிடம் கொடுத்து, பள்ளி நூலகத்துக்கு நூல்கள் வாங்கச் சொல்லி ரசீது பெறுங்கள். யார் எவ்வளவு கொடுத்தார் என்ற பட்டியல் மட்டும் வேண்டாம்.

ஓய்வறைத் தட்டைப் பற்றி நடைமுறையாகச் சில விஷயங்கள். மார்கழியில் மாலை போட்டு விரதம் இருக்கும் ஆசிரியர்கள் பலர் இருப்பார்கள். முட்டை சேர்க்காத வீட்டார் இருப்பார்கள். இஸ்லாமிய ஆசிரியர்கள் இருப்பார்கள். கடையில் வாங்கும் பிளம் கேக்கில் முட்டையோடு, பழங்களை மதுவில் ஊறவைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. ஆகவே கேக் வைப்பதென்றால் வாங்கும்போதே கேட்டுக்கொண்டு, அதைத் தனித் தட்டில் வைத்து, "முட்டை சேர்த்தது" என்று ஒரு சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். பொதுத் தட்டுக்கு முறுக்கு, தட்டை, சோமாசி போன்றவை போதும். அச்சுமுறுக்கு மாவில் சில வீடுகளில் முட்டை சேர்ப்பார்கள். தேங்காய்ப்பாலில் மட்டும் பிசைந்தால் எல்லோரும் சாப்பிடலாம். இனிப்பு வேண்டும் என்றால் திருவையாற்று அசோகா நல்ல தேர்வு. பாசிப்பருப்பும் கோதுமையும் நெய்யும் சர்க்கரையும்தான், யாருக்கும் தடையில்லை. மூத்த ஆசிரியர்களில் சர்க்கரை நோய் இல்லாதவர்களைப் பார்ப்பதே அரிது என்பதால் காரம் கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும்.

அந்தத் தட்டு ஆசிரியர்களோடு நின்றுவிடக்கூடாது என்பதை வற்புறுத்திச் சொல்கிறேன். ஆய்வக உதவியாளர், அலுவலக எழுத்தர், காவலர், கழிவறை கழுவும் அம்மா ஆகியோருக்கு ஓய்வறையில் நாற்காலி கிடையாது. பண்டிகைப் பலகாரம் அவர்களைத் தேடிப் போனதை என் பணிக்காலத்தில் மிகக் குறைவாகவே பார்த்திருக்கிறேன். அவர்களுக்கென்று தனியாகப் பொட்டலம் கட்டி மகளிடம் கொடுத்து, பெயர் கேட்டு ஒவ்வொருவர் கையிலும் கொடுக்கச் சொல்லுங்கள். மூன்று ஆண்டுகளாகத் தினமும் பார்க்கும் காவலரின் பெயர் உங்கள் மகளுக்குத் தெரிந்திருக்காது; இதனால் தெரிந்துகொள்வாள்.

மகள் "வராதே" என்று சொன்னதற்கு வருந்தாதீர்கள். அவளுக்குப் பதினைந்து வயது. ஐந்தாம் வகுப்பில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு டீச்சருக்குக் கேக் கொடுத்த குழந்தை இல்லை அவள். ஆசிரியர்களோடு அவளுக்கென்று ஓர் உறவு உண்டாகியிருக்கிறது, அதில் நீங்கள் பாதி நாள்களில் இல்லை. தட்டை அவளே கொண்டுபோவாள் என்றால் பெரும்பாலும் மறுக்க மாட்டாள். தனியாகக் கூச்சமாக இருந்தால் ஒரு தோழியைக் கூட்டிப் போகட்டும். எந்த ஆசிரியருக்கு எழுதுவது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். அது வகுப்பாசிரியையாக இல்லாமல் உடற்கல்வி ஆசிரியையாகவோ நூலக ஆசிரியையாகவோ இருக்கலாம். ஏன் என்று கேட்காதீர்கள். எழுதியதைத் திருத்திக் கொடுக்கவும் வேண்டாம்.

எப்படி எழுதுவது என்று கேட்டால் மட்டும் ஒன்று சொல்லுங்கள்: "நீங்கள் சிறந்த ஆசிரியர்" என்று எழுத வேண்டாம், ஒரு நாளில் நடந்த ஒன்றை எழுதட்டும். 2018 நவம்பர் 16-ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து தென்னந்தோப்புகளைச் சாய்த்துப்போட்ட அந்த ஆண்டு, நான் தலைமையாசிரியையாக இருந்த பள்ளியில் கிறிஸ்துமஸுக்கு யாரும் எதையும் கொண்டுவரவில்லை. ஒரு மாணவி மட்டும் ரஃப் நோட்டில் கிழித்த அரைத்தாளைத் தமிழாசிரியையிடம் கொடுத்துவிட்டு ஓடிவிட்டாள். அதில் இருந்தது இவ்வளவுதான்: "டீச்சர், புயலுக்கு அப்புறம் முதல் நாள் நீங்க பாடம் நடத்தல. ஒவ்வொருத்தர் பேரா கூப்பிட்டு வீட்டுல சாப்பிட்டீங்களான்னு கேட்டீங்க. நான் சாப்பிட்டேன்னு பொய் சொன்னேன். நீங்க கண்டுபிடிச்சிட்டீங்க. மதியம் உங்க டப்பாவ குடுத்தீங்க. ஹேப்பி கிறிஸ்துமஸ் டீச்சர்." அந்தத் தமிழாசிரியை அந்தத் தாளைப் பாடக்குறிப்பேட்டின் உள்ளட்டையில் ஒட்டி வைத்திருந்தார். ஆண்டு மாறிப் புதுக் குறிப்பேடு போடும்போதெல்லாம் கவனமாகப் பிரித்தெடுத்து மறுபடி ஒட்டுவார்; ஓரமெல்லாம் பசை காய்ந்து மஞ்சளாகிவிட்டது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றிய அவர் வீட்டில் எத்தனையோ பேனாக்களும் கடிகாரங்களும் இருந்திருக்கும். அவற்றைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை.

உங்கள் கணவரிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள். வெளிநாட்டில் இருக்கும் தந்தைக்குப் பொருள் அனுப்புவது ஒன்றுதான் பிள்ளை வாழ்க்கையில் பங்கெடுக்கக் கையில் இருக்கும் வழி. அவரைக் குறை சொல்லிவிடாதீர்கள். அதற்குப் பதிலாக அவர் ஒரு கடிதம் எழுதலாம், அல்லது வகுப்பாசிரியைக்கு விருப்பமானால் ஒரு முறை தொலைபேசியில் நன்றி சொல்லலாம். பொதுத்தேர்வு முடிவு மே மாதம் வரும். அதன் பிறகு மதிப்பெண் பட்டியலும் மாற்றுச் சான்றிதழும் உங்கள் மகளின் கைக்கு வந்துவிடும்; ஆசிரியர்கள் அவளுக்குப் போட வேண்டிய மதிப்பெண் எதுவும் மிச்சமிருக்காது. அதற்குப் பின் உங்கள் கணவர் விடுமுறையில் வரும்போது, முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு மூன்று பேருமாக வகுப்பாசிரியை வீட்டுக்குப் போய் வாருங்கள். அவர் உங்களை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தால் மறுக்காமல் குடியுங்கள். புறப்படும்போது உங்கள் பையில் ஏதாவது வைத்துக் கொடுத்தால் அதையும் வாங்கிக்கொள்ளுங்கள்.